ஃபர்கலியின் எடை

ஃபர்கலியை அடித்து வீழ்த்தியவர்கள் மிகச் சிலர். அம்மானில் ஒருவன், காஸாபிளாங்காவில் ஒருவன், அப்புறம் அவனுடைய அக்கா நகஃபா. மற்றபடி அந்தக் கம்பிவலைக் கூண்டுக்குள் அவனோடு நடந்து போனவர்கள் பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். மனாமாவில் அவன் விட்ட ஒரு குத்தில் எதிராளியின் பல்காப்பு பறந்து, மூன்றாவது வரிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைச் சர்க்கரைக்கட்டி என்று நினைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தார். சண்டை முடிந்த பிறகும் கலக்கினார். நான் கூண்டோரம் நின்று பார்த்தேன்.

கூண்டோரம் நிற்பதுதான் என் வேலை. அலெக்ஸாந்திரியாவில், அன்ஃபூஷியில் நான் நாவிதன். கத்தி பட்ட கன்னத்தில் படிகாரம் வைத்து ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவன் என்பதால் பயிற்சியாளர் வஹ்தான் என்னையும் சண்டைகளுக்கு இழுத்துப் போவார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள் கிழிந்த புருவத்தை அழுத்திப் பிடித்து, வாஸ்லின் அப்பி, பையனைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை கைப்பழக்கத்தில் கிருதாவையும் ஒதுக்கிவிட்டேன். அடுத்த சுற்றில் பையன் மாப்பிள்ளை மாதிரி லட்சணமாக நின்றான். லட்சணமாகவே தோற்றான்.

ஆனால் ஃபர்கலிக்கு உண்மையான எதிரி கைகால் இல்லாதது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், அவன் வந்து ஏறும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். தராசைத்தான் சொல்கிறேன்.

சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள். ஃபர்கலியின் பிரிவுக்கு எழுபத்தேழு கிலோ. அதற்கு மேல் ஒரு சொட்டு வியர்வை இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் வருஷம் முழுக்கக் கொழுகொழுவென்று திரிந்துவிட்டு, கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வேர்த்து வடிந்து, கருவாடாகி வந்து தராசில் ஏறுவார்கள். இறங்கிய நொடியில் குடிக்கத் தொடங்குவார்கள்.

ஃபர்கலி இரண்டு தடவை எடை தப்பியிருந்தான். அம்மானில் யாரோ விருந்துக்கு அழைத்து, மரியாதைக்கு ஒரு வாய் என்று ஆரம்பித்து, ஆட்டில் பாதியை முடித்துவிட்டான். துபாயில் தப்பியது வெறும் நூறு கிராமில். அன்று நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். நடைபாதையிலேயே உட்கார வைத்துத் தலையை மழித்தேன். மீசையை எடுத்தேன். அப்படியும் நாற்பது கிராம் நின்றது. என் மாமனார் செத்த கதையைச் சொல்லி அவனை அழவைத்தேன், இருபது குறைந்தது. மாமனார் இன்னும் சோகமாகச் செத்திருந்தால் அன்று சண்டை நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு சண்டைகளை நடத்துகிற அமைப்பாளர் தொலைபேசியில் வஹ்தானிடம் சொல்லிவிட்டார்: "கேப்டன், அடுத்த சண்டை உங்க ஊர்லயே நடக்குது. உங்க பையன் ஜெயிச்சா ரெண்டு வருஷ ஒப்பந்தம் போடுறேன். மூணாவது தடவையா எடை தப்பினான்னா, அவன் பேரையே நான் மறந்துடுவேன்."

ஃபர்கலிக்கு வயது முப்பத்தி நாலு. முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்ல ஆரம்பித்திருந்தது. இதற்குப் பிறகு இன்னொரு கதவு திறக்கும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் பயிற்சிக்கூடத்துத் தராசு செத்துப் போயிருந்தது. கனஎடைப் பிரிவு ஆள் ஒருவன் காதலில் தோற்ற துக்கத்தில் அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். ஊசி ஒரு முழுச் சுற்று சுற்றி நூற்றுப்பன்னிரண்டில் போய் நின்றது. அதோடு சரி. அப்புறம் யார் ஏறினாலும் நூற்றுப்பன்னிரண்டு. கூடத்துப் பூனை மிஷ்மிஷ் ஏறினாலும் நூற்றுப்பன்னிரண்டு. சில நாளில் அந்தப் பூனையின் நடையே மாறிவிட்டது, நாய்கள் வழிவிட்டன.

"தராசுக்கு எங்க போறது?" என்றார் வஹ்தான்.

"மச்சான் கடையில இருக்கே," என்றான் ஃபர்கலி.

மச்சான் என்றால் நகஃபாவின் புருஷன், மீன் வியாபாரி மவ்ஜூத். அவனைப்போல் மரியாதையாகப் பேசுகிற வியாபாரி எங்கள் பகுதியிலேயே கிடையாது. ஒவ்வொரு மீனையும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரிக் கண்கலங்கித்தான் விற்பான். கடைக்கு இரண்டு வாசல். கடலைப் பார்த்த பின்வாசலில் படகுக்காரர்கள் பெட்டி பெட்டியாக மீன் இறக்குவார்கள். அங்கே ஒரு தராசு. தெருவைப் பார்த்த முன்வாசலில் பெண்கள் கூடை கூடையாக வாங்கிப் போவார்கள். அங்கே ஒரு தராசு. வாங்க ஒன்று, விற்க ஒன்று.

ஃபர்கலி தினமும் விடிகாலை ஓட்டம் முடிந்து கடற்கரை வழியாக வருவதால் பின்வாசல் தராசில் ஏறினான். எடை அழகாக இறங்கிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை எடை பார்க்கிற நாள். செவ்வாய்க்கிழமையே எழுபத்தேழு காட்டிவிட்டது. வஹ்தான் குனிந்து அந்தத் தராசை முத்தமிட்டார். மத்தி மீன் செதில் ஒன்று சாயங்காலம் வரை அவர் உதட்டில் ஒட்டியிருந்தது, யாரும் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு தட்டு மீன்சோறு போடேன்," என்றான் ஃபர்கலி.

"ஒரு தட்டு," என்றார் வஹ்தான் விரலைக் காட்டி.

நகஃபா ஒரு தட்டுதான் போட்டாள்.

புதன்கிழமை காலை புயல் வந்தது. நவம்பரில் வருகிற இந்தப் புயலுக்கு எங்கள் ஊரில் துடைப்பம் என்று பெயர். தெருவில் இருப்பதையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விடும். என் கடைப் பலகையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் வாசலில் மாட்டிவிட்டது. அன்று அவரிடம் இரண்டு பேர் முடி வெட்டிக்கொண்டார்கள். படகுகள் எல்லாம் கரையில். மவ்ஜூத் பின்வாசலை அடைத்து மணல்மூட்டை அடுக்கி, அங்கிருந்த தராசைத் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான். ஃபர்கலி தெருவழியாக வந்து முன்வாசல் தராசில் ஏறினான்.

எண்பத்து மூன்று.

வஹ்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"நகஃபா! என்னத்தைம்மா போட்ட அவனுக்கு?"

"ஒரு தட்டு மீன்சோறு, கேப்டன்!"

"தட்டு எவ்வளவு பெரிசு? ஆறு கிலோ ஏறியிருக்கான்மா!"

"ஆறு கிலோவா?" நகஃபா கரண்டியோடு இறங்கி வந்தாள். "என் கல்யாணத்துக்கே மொத்தம் ஆறு கிலோ அரிசிதான் வடிச்சோம். என்னைப் பாத்தா பேசறீங்க?"

"அப்ப தராசுல கோளாறு. மவ்ஜூத், பின்னாடி தராசு எழுபத்தேழு காட்டுச்சு, இது எண்பத்து மூணு காட்டுது. எதுய்யா சரி?"

கடையில் அப்போது நல்ல கூட்டம். புயல் முடியும்வரை மீன் கிடைக்காது என்று தெருப் பெண்கள் எல்லாம் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கடலுக்குப் போக முடியாத படகுக்காரர்கள் உள்ளே பெட்டிகள்மேல் உட்கார்ந்து தேநீரும் டொமினோவுமாக இருந்தார்கள். மவ்ஜூத் பெண்களைப் பார்த்தான், படகுக்காரர்களைப் பார்த்தான். அவன் காது இரண்டும் மெல்லச் சிவந்தன.

"ரெண்டும் சரிதான், கேப்டன்," என்றான்.

ரெண்டும் சரி என்றால் பையன்தான் ஆறு கிலோ ஏறியிருக்கிறான். வேறு வழியில்லை. ஆனாலும் வஹ்தான் விடவில்லை; மற்ற மீன் கடைகளுக்கும் அவனை நடத்திக்கொண்டு போனார். பக்கத்துக் கடையில் எண்பத்தொன்று. தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனால் எண்பத்தைந்து. முனைக்கடையில் எண்பத்திரண்டு. முழங்கால் அளவு மழைத்தண்ணீரில் நடந்தபடியே ஃபர்கலி ஏறினான், இறங்கினான். ஒவ்வொரு கடைக்காரனும் தன் தராசுதான் சுத்தமான தராசு என்று வல்லாஹி போட்டுச் சத்தியம் செய்தான். ஒருவன் தன் இரண்டு கண்ணின்மேல் சத்தியம் செய்தான். அவனுக்கு ஒரு கண்தான். மருந்துக்கடை சாத்தியிருந்தது. அமைப்பாளரின் தராசோ கெய்ரோவிலிருந்து வருகிற லாரியில், பாதி வழியில் மழையில் நின்றுகொண்டிருந்தது. காலையில்தான் வந்து சேருமாம்.

"சொந்தக்காரன் தராசைத்தான் நம்பணும்," என்று முடிவு செய்தார் வஹ்தான். "ஆறு கிலோ. ஒரே நாள். வாடா."

மாடியில் நகஃபாவின் குளியலறையில் வெந்நீர்த் தொட்டி. உப்பை மூட்டையோடு கொட்டினோம். அரை மணி உள்ளே, அரை மணி வெளியே. வெளியே என்றால் பிளாஸ்டிக் சட்டை, அதன்மேல் வீட்டிலிருந்த கம்பளி அத்தனையும், அதன்மேல் நான். அவன் உடம்பிலிருந்து இறங்கிய நீர் படிவழியாகக் கடைக்குள் வழிய, கீழே ஒரு கிழவர் புயல் உள்ளே வந்துவிட்டதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் ஃபர்கலிக்குத் துப்பக்கூட எச்சில் இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அவனுடைய அப்பா சாவதற்கு முந்தின மாதம் இருந்த மாதிரியே இருந்தான். இதை நகஃபாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து முன்வாசல் தராசில் நிறுத்தினோம். பெண்கள் வழிவிட்டார்கள்.

எண்பது.

"இன்னும் மூணு," என்றார் வஹ்தான். அவர் குரலும் வற்றியிருந்தது.

"கேப்டன்," என்றான் ஃபர்கலி, "நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க."

"கண்ணை மூடிக்க. மேல போலாம்."

"மூடினாலும் ரெண்டு பேரா தெரியறீங்க."

வரிசையில் முதலில் நின்ற உம்மு ஷலபி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "புள்ள செத்துருவான் கேப்டன். இன்னும் மூணு கிலோ எடுத்தா எலும்புதான் மிஞ்சும்."

"இவன் கேட்டா நிறுத்திடறேன்," என்றார் வஹ்தான். "டேய், நிறுத்தவா? சொல்லு, அமைப்பாளருக்குப் போன் போடறேன்."

ஃபர்கலி தலையை ஆட்டினான். மாட்டேன் என்று. "இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது கேப்டன். தூக்குங்க."

மாடிப்படியில் நகஃபா நின்றிருந்தாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்தாள். மவ்ஜூத் செதில் சீவிக்கொண்டிருந்த மீனில் செதிலே இல்லை. வெகுநேரமாகத் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான். வஹ்தானிடம் போய்க் காதோடு, "கேப்டன், போதும். என்னை நம்புங்க," என்றான்.

"என்னத்தை நம்பி?"

"மெதுவா பேசுங்க."

"என்னத்தை நம்பிய்யா? தராசு எண்பது காட்டுது!"

மவ்ஜூத் ஒரு தடவை எச்சில் விழுங்கினான். அந்த வீட்டில் அப்போது விழுங்க எச்சில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்:

"இந்தத் தராசு பொய்யி. அடியில ஆணியை ஒரு சுத்து இறுக்கி வச்சிருக்கேன். அவன் பருமனுக்கு மூணு கிலோ கூடக் காட்டும்."

 டொமினோ ஆட்டம் நின்றது. உம்மு ஷலபி தன் கூடையைத் திறந்து உள்ளே பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

"அடப்பாவி," என்றாள். "என் மகன் நிக்காஹுக்கு வாங்கின இறாலும் இதுலதானே நிறுத்த?"

"அப்ப ஆணியை ரெண்டு சுத்து இறுக்கியிருந்தேன் அக்கா. பண்டிகை சமயம்."

கூச்சல் கிளம்பியது. ஆனால் அதையும் மிஞ்சி வஹ்தான் சிரித்தார்; மூணு கிலோ என்றது அவர் காதில் ஏறவே இல்லை. முழங்காலில் அறைந்துகொண்டு சிரித்தார். "அப்ப பின்னாடி தராசுதான் சரி! செவ்வாக்கிழமையே எழுபத்தேழு. அதுக்கப்புறம் இவ்வளவு வேர்த்திருக்கான். எழுபத்து நாலுதான்டா இருப்ப இப்ப! குடிடா மகனே, குடி! தண்ணி கொண்டாங்க!"

ஒரே நேரத்தில் மூன்று பெண்கள் மூன்று பாட்டிலை நீட்டினார்கள். ஃபர்கலி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, வாயில் வைத்தான்.

மவ்ஜூத் முகத்தைப் பார்த்தேன். தப்பிக்க வழி இருந்தது அவனுக்கு. பெண்கள் திட்டுவார்கள், நாளைக்கு வருவார்கள். பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தவர்களோ வலை இழுத்தே வளர்ந்த கைக்காரர்கள், அவர்களுக்குத் தலைவர், ரய்யிஸ் தஸூகி, ஒரு நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்கி இன்னொரு கையால் காது குடைகிறவர். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

மவ்ஜூத் மேசையைத் தாண்டிக் குதித்தான். பாட்டிலைத் தட்டிவிட்டான்.

"குடிக்காதடா! அதுவும் பொய்யி!"

"எது?"

"பின்னாடி தராசு. அது மூணு குறைச்சுக் காட்டும்." கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான். "வாங்குற தராசு இல்லியா."

தஸூகி கையிலிருந்த டொமினோக் கட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"நான் எத்தனை வருஷமா உனக்குப் பெட்டி போடறேன், மவ்ஜூத்?"

"கேக்காதீங்க ரய்யிஸ்."

வஹ்தான் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். முன்வாசல் தராசின் எண்பதில் மூன்று கழித்தால் எழுபத்தேழு. பின்வாசல் தராசின் எழுபத்தேழில் மூன்று கூட்டினால், செவ்வாய்க்கிழமை எண்பது. வேர்த்தது போக எழுபத்தேழு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "பெறந்ததுலேருந்து பொய்யா நிறுத்தவன்னு இவனே ஒத்துக்கிறான். இவன் பேச்சை நம்பி எப்படி நிறுத்தறது? காலையில எழுபத்தெட்டுன்னு காட்டினா?"

எல்லோரும் ஃபர்கலியைப் பார்த்தார்கள். அவன் தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தான்.

"நிறுத்திக்கலாம் கேப்டன். அடி வாங்கத் தயாரா நிக்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவரு பொய் சொல்லலை."

இரவெல்லாம் அவன் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தூங்கும்போது உடம்பு தானாகக் கொஞ்சம் இழக்கும் என்பதால் மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பனிக்கட்டி மட்டும் சப்பக் கொடுத்தோம். சங்கரா மீன் வாசனை அடித்தது. அவ்வளவு ருசியாக இன்றுவரை எதையும் தின்றதில்லை என்கிறான்.

காலையில் கடற்கரைச் சாலை ஹோட்டலில் அமைப்பாளர்களின் தராசு வந்து இறங்கியது. ஃபர்கலி உள்ளாடையையும் கழற்றிப் போட்டான். நானும் வஹ்தானும் இரண்டு பக்கமும் துண்டைப் பிடித்தோம். என் பக்கம் துண்டு ஆடியது. காற்று என்று சொன்னேன். மூடின அறை.

அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மனிதர்கள் எண்களை இவ்வளவு மெதுவாகச் சொல்லலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"எழுபத்தேழு."

வஹ்தான் துண்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டோடு மானமும் போனது, யாரும் கவலைப்படவில்லை. அறைக்கு வெளியே நகஃபா அண்டா நிறையக் கரும்புச்சாற்றோடு நின்றாள். ஃபர்கலி இறங்கி, முகத்தை நேராக அண்டாவுக்குள் விட்டான். உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்குச் சங்கு ஊதியது. நகஃபா அவன் பிடரியில் கை வைத்துக்கொண்டே நின்றாள், அவன் நிமிரும் வரை. நிமிர்ந்தபோது கண் பழைய இடத்துக்கு வந்திருந்தது. "அக்கா," என்றான், "இப்ப நீ ஒருத்திதான் தெரியற."

எங்கள் எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்த மாதிரி இருந்தது. வஹ்தான் எழுந்து, "நகஃபா, அந்த ஒரு தட்டு விஷயம்... மன்னிச்சுடும்மா," என்றார். அவள் கரண்டியைக் கீழே இறக்கினாள். முந்தின நாளிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

மவ்ஜூதுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். படகுக்காரர்கள் அவனைத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள். அன்பாகத்தான் எறிந்தார்கள், விழுந்த இடத்தில் ஆழம் இடுப்பளவு. அவன் சட்டைக்குள் இரண்டு கெளுத்தியோடு ஏறி வந்தான். தஸூகி அவற்றையும் பிடுங்கிக்கொண்டார். பெண்கள் விஷயம்தான் பெரிதாகும் என்று பயந்தோம். எல்லோர் முன்னாலும் ஆணியைத் தளர்த்தச் சொன்னார்கள், தளர்த்தினான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க உம்மு ஷலபி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஊசியைப் பார்த்தாள். முகம் மாறியது.

"மூணு கிலோ குறைஞ்சிருக்கேன்டி!" என்று கூவினாள்.

அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் வருஷக்கணக்காக அந்தத் தராசில்தான் ஏறி எடை பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக ஏறினாள், ஒவ்வொருத்தியும் இளைத்திருந்தாள். ஒருத்தி அன்றே பழைய கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள், பொத்தான்கூடச் சேர்ந்தது. மவ்ஜூதை மன்னித்ததாக யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வரிசை முன்னைவிட நீளமாக இருந்தது. மற்றக் கடைக்காரர்களும் சத்தமில்லாமல் ஆணியைத் திருகிவிட்டார்கள். இப்போது எங்கள் தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் ஒரே எடைதான் காட்டுகிறது. நடப்பதில் முன்னைப்போல் சுவாரசியம் இல்லை.

சண்டையா? இரண்டாவது சுற்றில் முடிந்தது. எதிராளி அல்ஜீரியாக்காரன், நல்ல பையன், ஃபர்கலியின் கைக்குள் கழுத்தைக் கொடுத்துவிட்டுத் தரையைத் தட்டினான். அவன் தட்டியதும் பின்வரிசையில் ஒரு பக்கம் பெண்களும் ஒரு பக்கம் படகுக்காரர்களும் எழுந்து நின்று "மூணு! மூணு!" என்று கத்தினார்கள். அமைப்பாளர் அதை மூன்று வருஷம் என்று எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கூட்டிப் போட்டார். மவ்ஜூத், ஈரம் காயாத சட்டையோடு, எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்.

வஹ்தான் பயிற்சிக்கூடத்துக்குப் புதுத் தராசு வாங்கினார். முதலில் ஃபர்கலி ஏறினான், எண்பத்தாறு காட்டியது. இறங்கவே இல்லை, நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்து மிஷ்மிஷ் ஏறியது. நாலு கிலோ. குனிந்து ஊசியைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, இறங்கிப் போனது. அன்றிலிருந்து சுவரோரமாகத்தான் நடக்கிறது.